வைக்கோலால் ஒரு மண்டபம்



பங்குனி மாதத்துப் பிற்கூற்றிலே, நண்பகல் வேளையில், வடபகுதிப் பாடசாலை மண்டபம் ஒன்றினுள் ஒரு மணி நேரம் இருந்து பார்த்தவர்களுக்கு நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருளின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு ஏறத்தாழ உச்சியில் நிற்கும். மனிதனுடைய நிழல் அவன் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே தகரக் கூரை. கீழே தவணைப் பரீட்சை எழுதும் முந்நூறு பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய ஒரு நாளிலே விடைத்தாள்களைச் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு தாளில் எழுத்துக்கள் நனைந்து கலைந்திருப்பதைக் கண்டேன். எழுதியவன் வினாவுக்கு விடை தெரியாமல் அழுதானோ என்று முதலில் எண்ணினேன். பின்னரே அது அவனுடைய நெற்றி வியர்வை என்பதை அறிந்தேன். விடை சரியாகவே இருந்தது, வாசிக்கத்தான் முடியவில்லை.

அவ்வாண்டு பெற்றோரும் பழைய மாணவரும் கூடிப் புதிய மண்டபம் ஒன்று அமைப்பதைப் பற்றி ஆலோசித்தார்கள். அப்போது விவசாய பாடம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் எழுந்து, கலிபோர்னியா மாநிலத்திலே நெல் வைக்கோலைப் பொதிகளாகக் கட்டி, அப்பொதிகளைச் செங்கல் போல அடுக்கிப் பெரிய கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள் என்றும், கோடை வெயிலிலும் அவற்றின் உட்புறம் குளிர்ந்திருக்கிறது என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒரே சிரிப்பு. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “மாஸ்ரர், நாங்கள் மண்டபம் கட்டப் போகிறோமா, மாட்டுக்குத் தீன் போடப் போகிறோமா?” என்று கேட்டார். சிரித்தவர்களுள் நானும் ஒருவன். வீடு திரும்பிய பின்னர்தான், அறியாத பொருளைக் கண்டு சிரிப்பது ஆசிரியனுக்கு அழகா என்ற எண்ணம் உறுத்தியது. நான் கலைப் பட்டதாரி. பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும் கற்றவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படிக்கலாமல்லவா? அவ்வாறு படித்தறிந்தவற்றை, அவை எனக்குத் தந்த வியப்போடும் ஐயங்களோடும், உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அந்தப் பெரியவரின் பரிகாசம் முற்றிலும் பொய்யானதன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வைக்கோற் பொதிக் கட்டடத்தின் பிறப்பிடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள நெபிராஸ்கா மாநிலம். அங்கே மணற்குன்றுகள் நிறைந்த பரந்த புல்வெளிப் பகுதி ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறியவர்களுக்கு மரமும் கிடைக்கவில்லை, கல்லும் கிடைக்கவில்லை. அயற் பிரதேசங்களிலே புற்கரணைகளை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். இங்கோ மண் மணற்பாங்கானது. கரணையாக வெட்டினால் உதிர்ந்துவிடும். அந்தக் காலத்திலேதான் குதிரை பூட்டி இயக்கும் பொதி கட்டும் இயந்திரங்கள் பரவின. புல்லையும் வைக்கோலையும் அழுத்திக் கட்டிய நீள்சதுரப் பொதிகளைக் கண்ட ஒருவருக்கு அவை பெரிய செங்கற்களாகத் தோன்றியிருக்க வேண்டும். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பேயார்ட் என்னும் ஊருக்கு அண்மையில் ஓரறைப் பாடசாலை ஒன்று இவ்வாறு கட்டப்பட்டது. சுவர்களுக்குச் சாந்து பூசப்படவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பாடசாலையை மாடுகள் தின்றுவிட்டன என்று வரலாறு சொல்கிறது. உலகின் முதல் வைக்கோற் கட்டடங்களுள் ஒன்று பாடசாலையாக அமைந்ததும், அது மாட்டின் வயிற்றில் மறைந்ததும், பாடசாலை அதிபனாகிய என்னைச் சற்றே திகைக்க வைத்தன.

ஆனால் அந்த மக்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். தற்காலிகமாகக் கட்டிய வீடுகள் பனிக்காலத்தில் வெதுவெதுப்பாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் இருப்பதைக் கண்டு, உள்ளும் புறமும் சாந்து பூசி நிலையான வீடுகளாக்கினார்கள். ஆர்தர் என்னும் சிற்றூரில் 1928இல் றை என்னும் தானியத்தின் வைக்கோலாற் கட்டப்பட்ட தேவாலயம், வரலாற்றுச் சின்னமாகப் பேணப்பட்டு வருகிறது. வைக்கோல் என்றால் ஒரு மாரி காலத்துக்குள் உக்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தேவாலயமே விடை.

இனி, வைக்கோல் எவ்வாறு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதைப் பார்ப்போம். இதைப் பற்றி வகுப்பொன்றிலே பேசியபோது, ஒரு மாணவன் எழுந்து கேட்டான்: “சேர், மாங்காயைப் பழுக்க வைக்க அம்மா வைக்கோலுக்குள்ளேதானே வைக்கிறவ. அதுக்குள்ளே கை வைத்தால் சூடாக இருக்கும். சூடு தருகிற வைக்கோல் எப்படிக் குளிர்ச்சி தரும்?” மிக நல்ல கேள்வி. வைக்கோல் சூட்டையும் தருவதில்லை, குளிரையும் தருவதில்லை. பழுக்கும் காய் தானே சிறிது வெப்பத்தை வெளிவிடுகிறது; அந்த வெப்பம் வெளியே போகாமல் வைக்கோல் தடுக்கிறது. மீன்பிடித் துறைகளிலே பனிக்கட்டியை மரத்தூளிலும் உமியிலும் பொதிந்து வைப்பதைக் கண்டிருக்கிறோம். அங்கே வெளிவெப்பம் உள்ளே போகாமல் உமி தடுக்கிறது. உள்ளிருப்பதை உள்ளேயும் வெளியிருப்பதை வெளியேயும் நிறுத்துவதே அதன் தொழில். அதற்குக் காரணம், தாளின் குழலுக்குள்ளும் தாள்களின் இடுக்குகளிலும் அடைபட்டு அசையாது நிற்கும் காற்று. அசையாத காற்றைப் போல வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள் மிகச் சிலவே. இந்த மாணவனின் கேள்வியை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்திலே 1998இல் சாந்து பூசிய வைக்கோற் பொதிச் சுவரொன்றைச் சோதித்தார்கள். அச்சோதனையின் பெறுபேற்றை நமது ஒன்பது அங்குலச் செங்கற் சுவருடன் ஒப்பிட்டால், செங்கற் சுவரூடாகச் செல்லும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வைக்கோற் சுவரூடாகச் செல்லும் என்று கொள்ளலாம். சுவரின் கனம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். கனத்தின் பயனும் உண்டு. ஆனால் பெரும்பயன் அந்த அடைபட்ட காற்றினால் வருவது.

“தீப்பிடித்தால்?” என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். உதிரி வைக்கோல் நொடியில் எரிந்துவிடும். ஆனால் ஒற்றைத் தாளைக் கொளுத்துவது வேறு, இறுகக் கட்டிய கணக்குப் புத்தகத்தைக் கொளுத்துவது வேறு. புத்தகத்தின் ஓரம் கருகும்; உள்ளே காற்றுப் புகாமையால் நெருப்பு உட்செல்லத் தயங்கும். அழுத்திக் கட்டிச் சாந்து பூசிய பொதிச் சுவரும் அத்தகையதே. 2006இல் அமெரிக்காவில் நடத்தப்பட்ட சோதனைகளிலே, களிமண் பூசிய சுவர் ஒரு மணி நேரமும், சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்து பூசிய சுவர் இரண்டு மணி நேரமும் நெருப்பைத் தடுத்து நின்றன. உண்மையான ஆபத்து கட்டி முடிந்த பின்னரன்று, கட்டும் காலத்திலேயே உள்ளது. தரையெங்கும் உதிர்ந்து கிடக்கும் வைக்கோலில் உருக்கு ஒட்டுபவரின் ஒரு பொறி விழுந்தால் போதும். ஆகவே அங்கே நாள்தோறும் மாலையில் கூட்டி அள்ளுவது கட்டட வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகிறது.

நெபிராஸ்காவின் பழைய முறையிலே பொதிச் சுவரே கூரையின் பாரத்தைத் தாங்கியது. சிறு வீட்டுக்கு அது போதும். பெரிய கட்டடத்துக்கு அது பொருந்தாது; ஏனெனில் பாரம் ஏற ஏறப் பொதிகள் அமிழ்ந்து இறங்கும். எனவே பெருங்கட்டடங்களில் மரத்தாலோ உருக்காலோ கொங்கிறீற்றாலோ தூண்களும் உத்தரங்களும் அமைத்து, இடைவெளிகளைப் பொதிகளால் நிரப்புகிறார்கள். பாரம் தாங்குவது சட்டகம். வெயிலைத் தடுப்பது வைக்கோல். பிரான்சு நாட்டின் மொந்தார்ஜி நகரில் 1920ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட வீடொன்று மரச்சட்டகத்துக்குள் வைக்கோற் பொதி நிரப்பியதாகும். அது நூறாண்டு கடந்தும் நிற்கிறது. அதே நாட்டின் சென் தியே நகரிலே மரமும் வைக்கோலும் கொண்டு எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றும் எழுப்பப்பட்டுள்ளது. ஆகவே உயரமும் பருமனும் இத்தொழிலுக்குத் தடைகளல்ல.

ஒருவகையில் இது பெருங்கட்டடத்துக்கே பொருத்தமானது. சிறு கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். உட்புறம் பத்தடிக்குப் பத்தடி கொண்ட ஓர் அறைக்கு, பூச்சுடன் ஒன்றேமுக்கால் அடிக் கனமான சுவர் எழுப்பினால், அடைபடும் நிலத்திலே நூற்றுக்கு 45 பங்கைச் சுவர்களே விழுங்கிவிடும். நூறடி நீளமும் நாற்பதடி அகலமும் உள்ள மண்டபத்துக்கு அதே சுவரை எழுப்பினால், சுவர்கள் கொள்ளும் பங்கு நூற்றுக்கு 11 மாத்திரமே. சிறு நிலத்தில் வீடு கட்டுபவனுக்குப் பெருநட்டமாக இருப்பது மண்டபம் கட்டுபவனுக்குப் பொருட்டாகத் தோன்றாது.

இனி வெப்பநாடுகளுக்கு வருவோம். மெக்சிக்கோ நாட்டின் வடமேற்கிலே சொனோரா மாநிலத்தில் ஒப்ரகோன் என்னும் நகரம் இருக்கிறது. நோர்மன் போர்லாக் என்னும் விஞ்ஞானி புதிய கோதுமை இனங்களை உருவாக்கிப் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டது இந்நகரை அடுத்த வயல்களிலேதான். கோதுமை பெருகியது, வைக்கோலும் பெருகியது. கோடையிலே அங்கே வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும். 1990களிலே சிறுவர் நலனுக்காக உழைக்கும் நிறுவனம் ஒன்றின் அலுவலகம், ஏறத்தாழ 5,000 சதுர அடிப் பரப்பில், அங்கே கோதுமை வைக்கோலாலும் களிமண்ணாலும் கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து சென்ற பில் ஸ்டீன், அதீனா ஸ்டீன் என்னும் தம்பதியர் வழிகாட்ட, வேலையைச் செய்தவர்கள் உள்ளூர் மக்களே. விலை கொடுத்து வாங்கிய பொருள் குறைவு. கைகளின் உழைப்பே மிகுதி.

கலிபோர்னியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே சக்கிரமெந்தோப் பள்ளத்தாக்கு ஒரு பெரிய நெல்வயற் பிரதேசம். அருவி வெட்டு முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே கொளுத்துவது வழக்கமாக இருந்தது. நெல் வைக்கோலிலே மணற்சத்தாகிய சிலிக்கா மிகுதியாக இருப்பதால், அது மற்ற வைக்கோலைப் போல விரைவில் உக்குவதில்லை. புகையினால் நகரங்கள் மூச்சுத் திணறின. 1991இல் வைக்கோல் எரிப்பதைப் படிப்படியாகக் குறைக்க அம்மாநிலத்தார் சட்டம் இயற்றினார்கள். எரிக்கவும் முடியாது, எளிதில் உக்கவும் செய்யாது என்றால் அந்த வைக்கோலை என்ன செய்வது? வயலில் உக்க மறுக்கும் பொருள் சுவரிலும் உக்க மறுக்குமல்லவா? குற்றமாகக் கருதப்பட்டதே குணமாயிற்று.

1996இல் அங்கே ஹோப்லண்ட் என்னும் ஊரிலே, சூரியசக்திப் பொருள்களைக் காட்சிப்படுத்தி விற்பதற்காக, நெல் வைக்கோற் பொதிகளால் ஒரு பெரிய கூடம் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் சிம் வான் டெர் றின் என்னும் கட்டடக் கலைஞரின் குழுவினர். 2003இல் லிற்றன் ஸ்பிறிங்ஸ் என்னும் இடத்தில் திராட்சை மதுவைப் பீப்பாய்களிலே ஆண்டுக்கணக்கில் வைத்துக் காக்கும் பெரிய கிடங்கு, நெல் வைக்கோற் பொதிகளாலும் களிமண் பூச்சாலும் கட்டப்பட்டது. மதுவைப் பற்றி நான் பேச வரவில்லை. ஏற்ற இறக்கமில்லாத குளிர்ச்சியை நாடுகின்ற ஒரு தொழில் இந்தச் சுவரைத் தெரிந்தெடுத்தது என்பதே கவனிக்கத்தக்கது. 2006இல் சன்ரா கிளரிற்றா என்னும் நகரத்தின் ஆட்சியினர் தமது பேருந்து பராமரிப்பு நிலையத்தின் நிருவாகக் கட்டடத்தை ஏறத்தாழ 22,000 சதுர அடியில் வைக்கோற் பொதிச் சுவர்களோடு கட்டினார்கள். பொதுமக்கள் வரிப்பணத்தில் கட்டப்பட்ட அலுவலகம் அது. விளையாட்டுக்காக ஒரு நகரசபை அத்தகைய முயற்சியில் இறங்காது.

இவ்வளவையும் படித்தபோது என் உள்ளம் பொங்கியது. நாளைக்கே பொதி கட்டும் இயந்திரத்துக்கு ஆளனுப்பலாமா என்றுகூட எண்ணினேன். ஆனால் இரண்டு கேள்விகள் என்னைத் தடுத்து நிறுத்தின. அவற்றை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மை செய்தவனாக மாட்டேன்.

முதலாவது கேள்வி ஈரத்தைப் பற்றியது. நான் கூறிய மெக்சிக்கோ, கலிபோர்னியா ஊர்களில் வெயில் கொடிது. ஆனால் காற்று உலர்ந்தது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பவேறுபாடு மிகுதி. 15 பாகை வரைகூட இருக்கும். அங்கே இரவில் சாளரங்களைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விடுவார்கள். தரையும் சாந்துப் பூச்சும் அந்தக் குளிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். காலையில் எல்லாவற்றையும் சாத்திவிட்டால், வைக்கோற் சுவர் அக்குளிர்ச்சியை மாலை வரை காவல் காக்கும். வைக்கோல் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை என்று சொன்னேன். இரவு கொடுத்ததை அது பகலுக்குச் சேமித்துத் தருகிறது. நம்முடைய கரையோர ஊர்களிலோ இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே புழுக்கம். ஆறேழு பாகைக்கு மேல் வேறுபாடு இல்லை. இரவு எதையும் கொடுக்காதபோது சுவர் எதைச் சேமிக்கும்?

அத்துடன் வைக்கோலுக்கு ஈரம் பகை. பொதியின் நிறையிலே ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்; பின்னர் உக்கல் தொடங்கும். ஈரமான வைக்கோலைப் போராகக் குவித்தால் அதன் நடுப்பகுதி சூடேறி அழுகுவதை நம் கமக்காரர் நன்கு அறிவார்கள். ஆனால் ஈரமான நாடுகளில் இது முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. அலபாமா மாநிலத்து ஹன்ஸ்வில் நகரிலே, கோடைப் புழுக்கத்துக்கும் மழைக்கும் பேர்பெற்ற ஒரு மலையுச்சியில், பரிற் என்னும் மருத்துவர் 1938இல் கட்டிய மாளிகையின் சுவர்களுக்குள் வைக்கோற் பொதிகளே அடைக்கப்பட்டுள்ளன. அது அருங்காட்சியகமாகி அவ்வூராரின் பெருமையாக விளங்குகிறது. ஆகவே ஈரம் வெல்ல முடியாத பகையன்று. ஆனால் அயர்ந்தால் அழித்துவிடும் பகை.

அதை வெல்லும் வழிகளை அனுபவசாலிகள் வகுத்திருக்கிறார்கள். அத்திவாரத்தை நிலத்தினின்றும் நன்றாக உயர்த்த வேண்டும். மண்ணின் ஈரம் மேலேறாதபடி இடையே தடைப்படை இட வேண்டும். இதுவே கறையானுக்கும் முதற் காவல். கூரையின் தாழ்வாரத்தை அகலமாக விட வேண்டும்; சுற்றிவர விறாந்தை இருந்தால் இன்னும் நன்று. சுவர் உயரமானால் தாழ்வாரம் மட்டும் போதாது. காற்றோடு சாய்ந்து வரும் மழையைத் தடுக்க, சுவருக்கு வெளியே சிறிது இடைவெளி விட்டு இன்னொரு மறைப்பு அமைக்க வேண்டும். பூச்சுக்குக் களிமண்ணோ சுண்ணாம்போ பயன்பட வேண்டும். இறுகிய சீமெந்துப் பூச்சு நீரைத் தடுப்பது போலத் தோன்றும். ஆனால் வெடிப்பு வழியே புகுந்த நீர் வெளியேற முடியாமல் உள்ளே சிறைப்படும். சுண்ணாம்பும் களிமண்ணும் ஆவியை வெளியே விட்டுவிடும். குளிரூட்டி பூட்டிய அறைகளில் இன்னொரு கவனம் தேவை. வெளியிலுள்ள ஈரக்காற்று சுவரூடாகக் குளிர்ந்த உட்புறத்தை நோக்கி நகரும். உட்சுவரில் எண்ணெய் வர்ணமோ பிளாஸ்ரிக் தாளோ ஒட்டியிருந்தால், அதன் பின்புறத்தில் ஆவி நீராகி வைக்கோலை நனைக்கும். அழகுக்காகப் பூசிய வர்ணமே சுவருக்கு நஞ்சாகும்.

இரண்டாவது கேள்வி மண்டபத்தைப் பற்றியது. மாம்பழத்தைப் பற்றிக் கேட்ட மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். மனிதனும் ஒருவகையில் பழுக்கும் காயைப் போன்றவனே. அவன் உடலும் ஓயாது வெப்பத்தை விடுகிறது. வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போதே ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறார். பிள்ளைகள் சற்றுக் குறைவு. முந்நூறு பிள்ளைகள் கூடிய மண்டபம் என்பது, ஆயிரம் வாற்று மின்னழுத்திகள் இருபதுக்கு மேல் ஒரே வேளையில் எரிந்துகொண்டிருக்கும் மண்டபத்துக்குச் சமம். அந்த வெப்பம் வெளியேற வழி வேண்டும். சாளரங்களைச் சுருக்கி, கனத்த வைக்கோற் சுவரால் நான்கு புறமும் அடைத்துவிட்டால், மாணவனின் தாயார் மாங்காய்க்குச் செய்ததை நாம் பிள்ளைகளுக்குச் செய்தவர்களாவோம்! கட்டடம் பெரிதாகப் பெரிதாக, அதனுள் இருப்பவர்களின் வெப்பமும் விளக்குகளின் வெப்பமும் மேலோங்குகின்றன; சுவரூடாக வரும் வெப்பத்தின் பங்கு குறைகிறது.

சுவரை விடவும் நம்மை வாட்டுவது கூரை. நாம் வாழும் அகலக்கோட்டிலே நண்பகல் ஞாயிறு சுவரைப் பார்ப்பதில்லை, கூரையைத்தான் பார்க்கிறது. அப்படியானால் கூரைமேலே வைக்கோற் பொதியை அடுக்கலாமே என்று கேட்கலாம். ஒன்றரை அடிக் கனமான பொதிப்படை ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிலோகிராம் பாரம் ஏற்றும். அதனைத் தாங்கும் கூரைச் சட்டகத்துக்கு ஆகும் செலவு, வைக்கோலில் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். கூரையில் ஒழுக்கு ஏற்பட்டால் அதுவே முதலில் நனையும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடலாகாது. வைக்கோல் யாருக்கும் வேண்டாத குப்பை என்று எண்ணுவது தவறு. மாடு வைத்திருப்பவனுக்கு அது தீவனம். வயலுக்கு அது உரம். நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொற்றாசியச் சத்தின் பெரும்பங்கு நெல்மணியிலன்று, வைக்கோலிலேயே தங்குகிறது. எரிக்கப்படும் வைக்கோலைச் சுவராக்குவது புண்ணியம். மாட்டின் வாயிலிருந்து பறித்துச் சுவராக்குவது புண்ணியமாகாது. நம்மூரிலே எது எரிகிறது, எது பயன்படுகிறது என்று ஒவ்வொரு பகுதியாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் இந்தச் சுவர் நமக்கு வேண்டாத ஒன்றா? அல்ல. அதற்குரிய இடத்தில் அதை வைக்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம். நாள் முழுவதும் சாத்தி வைத்துக் குளிரூட்ட வேண்டிய இடங்கள் நம்மிடையே பெருகிவிட்டன. கணினி அறைகள், மருந்துக் களஞ்சியங்கள், விதை நெல்லையும் காய்கறிகளையும் காக்கும் கிடங்குகள், சுவடிகளைப் பேணும் நூலகங்கள் முதலியன அவை. அங்கே உள்ளிருக்கும் மனிதர் சிலர். காக்க வேண்டிய குளிர்ச்சியோ மின்சாரக் கட்டணம் கொடுத்து வாங்கியது. ஒன்பது அங்குலச் சுவரூடாக அந்தக் குளிர்ச்சியைத் தெருவுக்கு விட்டுக்கொண்டு, மாதந்தோறும் கட்டணத்தைக் கண்டு பெருமூச்சு விடுவதில் என்ன பயன்? அத்தகைய பெருங்கிடங்குகளுக்கு, மழையும் புழுக்கமும் குறைந்த பகுதிகளிலே, வைக்கோற் சுவர் உண்மையான துணையாக அமையக்கூடும்.

அடுத்த கூட்டத்தில் நான் இதைத்தான் சொன்னேன். மண்டபத்துக்கு வேண்டியது திறந்த பக்கங்களும், காற்று வரும் திசையறிந்து வைத்த வாயில்களும், இடையே காற்றோடும் இரட்டைக் கூரையும், சுற்றிவர விறாந்தையும், வெயிலை மறைக்கும் வேம்புகளுமே என்றேன். நூலகத்துக்கும் கணினிக்குமாக இருபதடியில் ஓர் அறை தேவைப்பட்டது. அதனை மாத்திரம், பொறியியலாளரின் ஒப்புதல் கிடைத்தால், வைக்கோற் பொதியாற் கட்டிப் பார்க்கலாம் என்றேன். உயர்ந்த அத்திவாரம், அகன்ற தாழ்வாரம், சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை முன்நிபந்தனைகள். சுவருக்குள் ஈரமானி வைத்து மாணவர்களே வாரந்தோறும் குறித்து வர வேண்டும். இரண்டு மாரிகளைத் தாண்டிய பின்னர் அந்தக் குறிப்பேடே நமக்குச் சொல்லட்டும், தொடரலாமா விடலாமா என்று. முன்வரிசைப் பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “சரி மாஸ்ரர், வைக்கோலை நான் தாறன். மாடு வராமல் வேலியை நீங்கள் பாருங்கோ” என்றார். இம்முறை எல்லாரும் சேர்ந்தே சிரித்தோம்.

ஒப்புதற் கடிதம் இன்னும் வரவில்லை. ஆயினும் ஒரு நன்மை விளைந்திருக்கிறது. முன்பெல்லாம் கட்டடம் என்றால், செலவு எவ்வளவு, திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்பவற்றையே பேசிவந்தோம். இப்போது, வெயில் எந்தப் பக்கத்தால் வருகிறது, காற்று எந்தப் பக்கத்தால் போகிறது, உள்ளே இருக்கப்போகும் பிள்ளை எப்படி உணர்வாள் என்று பேசத் தொடங்கியிருக்கிறோம். வைக்கோலில் எழுந்தாலும் கல்லில் எழுந்தாலும், அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லி எழுகின்ற மண்டபத்திலே, வியர்வையால் எழுத்தழியாத விடைத்தாளை ஒரு பிள்ளை எழுதி முடிப்பாள். அதைக் கண்டுவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பதே என் ஆசை.